நான்கு கட்டில் அறை

ஆனி பாதியிலேயே பாவூர்சத்திரத்தில் காற்று பிடித்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்று சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றும். குற்றாலத்தில் சாரல் கட்டும். காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் லாரிகள் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு செங்கோட்டைப் பாதையில் ஏறும். பொறியியல் கலந்தாய்வும் இதே பருவத்தில்தான் வருகிறது. இ-சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அப்பாவும் பிள்ளையும் அருகருகே உட்கார்ந்திருக்க, கல்லூரிக் குறியீட்டு எண்களும் பிராஞ்சின் இரண்டெழுத்துக் குறிகளும் எழுதிய தாளைப் பார்த்துக் கணினிக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். சேர்க்கை முடிந்ததும் ஊரில் மூன்று கேள்விகள் வரும்: எந்தக் காலேஜ், என்ன பிராஞ்ச், ஹாஸ்டலா காலேஜ் பஸ்ஸா. மூன்றுக்கும் பிள்ளை வாய் திறக்குமுன் அப்பாவோ சித்தப்பாவோ பதில் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் இரண்டு கேள்விகளைப் பற்றி நம்மிடையே பேச்சுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்த பிராஞ்சுக்கு இப்போது மவுசு என்பதைத் தேநீர்க் கடையிலும் கல்யாணப் பந்தலிலும் அலசுகிறோம். மூன்றாவது கேள்வியை மட்டும் செலவுக் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். பதினேழு வயதுப் பிள்ளை நான்கு ஆண்டுகள் யாரோடு வாழப்போகிறது, எந்த விதிகளுக்குள் வாழப்போகிறது, அந்த வாழ்க்கை அதை எப்படிப்பட்ட மனிதராக்கும் என்பவை படிப்புக்கு நிகரான கேள்விகள். சில பிள்ளைகளுக்குப் படிப்பைவிடப் பெரிய கேள்விகளும் அவையே. அவற்றை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பொறியியல் படிப்பு நம் பக்கத்துக் குடும்பங்களுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். கிண்டியில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியும், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கோவை, காரைக்குடி, மதுரை எனக் கொடையாளர்கள் எழுப்பிய கல்லூரிகளும் நெடுங்காலம் ஒரு சிலருக்கே எட்டின. திருநெல்வேலிக்கு அரசு பொறியியல் கல்லூரி வந்ததே 1981இல்தான். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தபின் வாசல் அகன்றது. பிறகு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கி, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மட்டுமே போதும் என்றானது. தனிப்பயிற்சி மையம் எட்டாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. 2010-11 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் சேர்ந்துகொண்டது. ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிச் சென்று, பின்னர் வெகுவாகக் குறைந்தது. ஆலங்குளத்திலும் புளியங்குடியிலும் தென்காசியை அடுத்தும்கூடப் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன.

இந்த வரலாற்றை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு இன்ஜினியர், அவர்களுக்கு வேலை இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன் பாவூர்சத்திரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் திண்ணைகளை நினைத்துக்கொள்வது நல்லது. மடியில் சொளவை வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் பெண்களின் உழைப்பில் இங்கே ஒரு தலைமுறை படித்திருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் தொழிற்கல்விக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. அதற்கான விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பத் தெரியாத தாய்மார் பலர். மரம் அறுக்கும் மில்லிலும் சந்தையில் மூட்டை தூக்கியும் சம்பாதித்த பணத்தில் முதல் பருவக் கட்டணம் கட்டிய அப்பாக்கள் உண்டு. அவர்களுக்குப் பொறியியல் என்பது அறிவுத்துறைகளில் ஒன்றாகப் பட்டதில்லை. தன் உடம்பு பட்ட பாடு பிள்ளையின் உடம்புக்கு வரக்கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பில் குறை காண நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் அந்த நினைப்பே பிள்ளையின் வாயை அடைத்தும் விடுகிறது. இவ்வளவு பாடுபட்டு ஒருவர் வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது, எனக்கு இந்த வழி வேண்டாம் என்று சொல்லும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? கலந்தாய்வு முறையும் கவனமாக விருப்பத்தைக் கேட்கிறது. எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். கிடைத்த இடத்தை ஏற்கலாம், மேலே நகரக் காத்திருக்கலாம், மறுக்கலாம். விருப்பத்தைப் பதிவு செய்ய இவ்வளவு நுட்பமான ஏற்பாடு வேறு எதற்கும் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் பிள்ளையின் விருப்பம் மட்டும் பல வேளைகளில் இருப்பதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த கல்லூரி, மாமாவுக்குத் தெரிந்த பேராசிரியர், கடந்த ஆண்டு எந்தக் கட்-ஆஃப்புக்கு எது கிடைத்தது என்ற பட்டியல் ஆகியவை சேர்ந்து வரிசையை எழுதிவிடுகின்றன.

பிராஞ்சின் கதையும் இதுதான். கம்ப்யூட்டர் என்றால் அமெரிக்கா என்று ஒரு காலம் இருந்தது. மெக்கானிக்கலும் சிவிலும் நிரம்பி வழிந்த ஆண்டுகளும் இருந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் அந்த இரண்டையும் தமிழ்வழியிலும் தொடங்கியது. பின்னர் அதே துறைகளின் வகுப்பறைகள் காலியாகி, இன்று செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்ற பெயர் தாங்கிய பிரிவுகள் முதலில் நிரம்புகின்றன. ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25இல் தளர்த்தியபின், கேட்பு உள்ள பிரிவுகளிலேயே கல்லூரிகள் இடங்களைக் கூட்டிக்கொள்ளவும் வழி பிறந்தது. நம் ஊர்ப் பிள்ளை வளர்ந்த இடமோ பொறியியலின் நடுவே இருக்கிறது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. பாபநாசத்தில் 1940களிலிருந்து நீர்மின்சாரம் எடுக்கிறார்கள். 2012இல் அகலப்பாதையான ரயில் தடம் ஊர் வழியே போகிறது. நெல்லை–தென்காசி நான்குவழிச் சாலைக்காகக் கண் முன்னே பாறையை உடைத்து மண்ணைக் கொட்டினார்கள். காற்றாலையின் இறக்கை ஏன் மூன்றாக இருக்கிறது, அந்த மின்சாரம் எங்கே போகிறது என்று ஒருமுறை அருகே கூட்டிச் சென்று காட்டியிருந்தால், பதினேழு வயதில் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்திருக்கும். எந்தப் பிரிவாக இருந்தாலும், தன் காரணத்தோடு போகிற பிள்ளைக்கும் பிறர் காரணத்தோடு போகிற பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் பருவத்து அரியர் தாளில் தெரிந்துவிடும்.

பட்டம் தேவையா என்ற கேள்வியும் நம் பக்கத்தில் வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. 2011இல் ஸோஹோ நிறுவனம் பாவூர்சத்திரத்தை அடுத்த மத்தளம்பாறையில் தன் மென்பொருள் மையத்தைத் தொடங்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அங்கேயே குடியேறினார். பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்தவர்களை எடுத்து, மாத உதவித்தொகை கொடுத்து, ஈராண்டு பயிற்சிக்குப்பின் வேலைக்குச் சேர்க்கும் பள்ளியை அந்த நிறுவனம் இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறது. பட்டம் இல்லாமலும் நிரல் எழுத முடியும் என்பதை அந்தப் பள்ளி நம் வாசலிலேயே மெய்ப்பித்துக் காட்டியது. இதன் அருமையை எவரும் மறுக்க முடியாது. எனினும் அங்கே எடுத்துக்கொள்ளப்படுபவர்கள் குறைவு, கதவைத் தட்டுபவர்கள் அதிகம். வேம்புவே சென்னை ஐஐடியில் மின்பொறியியல் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கும் ஒரு முதல் வேண்டும். தவறினால் தாங்கிக்கொள்ளும் நிலமோ, பணமோ, ஆங்கிலமோ கையில் இருப்பவருக்கு அந்த முடிவு சோதனை முயற்சியாக இருக்கலாம். பீடிச் சொளவுக்கும் தனக்கும் நடுவே பட்டம் என்ற அந்தத் தாள் ஒன்றே இருக்கிற பெண்ணுக்கு அப்படி இருக்க முடியாது.

அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கும்போதுதான் விடுதி என்ன என்பது புரிகிறது. கல்யாணமாகாத பெண் வீட்டைவிட்டு வெளியே, முன்பின் தெரியாதவர்களோடு, தன் பெயரில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் வாழ்வதற்கு நம் ஊர் மனமுவந்து அனுமதி தரும் காரணங்கள் மிகக் குறைவு. பொறியியல் படிப்பு அவற்றில் ஒன்று. நான்கு கட்டில் போட்ட அறையில் தருமபுரிக்காரி ஒருத்தி, நாகப்பட்டினத்துக்காரி ஒருத்தி, கன்னியாகுமரிக்காரி ஒருத்தி என்று சேர்ந்து வாழும்போது, தன் வீட்டு வழக்கம்தான் உலக வழக்கம் என்ற எண்ணம் ஆறே மாதத்தில் கலைந்துவிடுகிறது. ஒருத்தி வீட்டில் அப்பா சமைப்பார் என்பதும், இன்னொருத்தி வீட்டில் அக்கா வேலைக்குப் போய்க்கொண்டே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாள் என்பதும் பாடத்திட்டத்தில் இல்லாத செய்திகள். வீட்டில் ஒருபோதும் கேட்டிராத ‘எனக்குச் சம்மதம் இல்லை’ என்ற பேச்சை, மின்விசிறியின் வேகத்தைப் பற்றிய சச்சரவில் தொடங்கி, அந்த அறையில்தான் பலர் பழகிக்கொள்கிறார்கள்.

நாட்டின் முதல் பெண் பொறியாளர் என்று அறியப்படும் அ. லலிதாவின் கதையிலும் விடுதிக்கு ஓர் இடம் உண்டு. பதினைந்து வயதில் மணம், பதினெட்டு வயதில் கைம்மை, கையில் குழந்தை என்ற நிலையில் அவர் 1940 வாக்கில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்தார். அவருடைய தந்தை அங்கே பேராசிரியர். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். வகுப்பறை அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை. விடுதித் தனிமைதான் வாட்டியது. இன்னும் சில பெண்களையும் சேர்ப்பது என்று கல்லூரி முடிவுசெய்ததற்கு அந்தத் தனிமையும் ஒரு காரணம். அப்படித்தான் லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சாரப் பணிகளில் பங்காற்றினார். அறையில் துணை வேண்டும் என்ற எளிய மனிதத் தேவையும் சேர்ந்துதான் தென்னாட்டில் பெண்களுக்குப் பொறியியல் கதவைத் திறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்குமிடம் கல்வியின் பகுதி என்பதை நம் முன்னோர் சிலர் வெகு நாள் முன்பே கண்டுகொண்டார்கள். பிராமணரல்லாத மாணவர்கள் சென்னைக்குப் படிக்க வந்தால் தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில், டாக்டர் சி. நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியைத் திறந்தார். கல்லூரியில் இடம் இருந்தும் ஊரில் இடம் இல்லை என்பது அன்றைய நிலை. பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சேரன்மாதேவியில் நடந்ததும் நமக்கு அந்நியமான செய்தியா என்ன? வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலம் தேசியக் கல்விக்கென்று உருவானது. காங்கிரஸின் நன்கொடையும் அதற்குக் கிடைத்தது. அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி நடந்த செய்தி வெளிவந்தபோது, 1924-25இல் தமிழ்நாடே கொந்தளித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வி, கூட உட்கார்ந்து உண்ணாத பிள்ளைகள் கூடிக் கட்டப்போகும் தேசம் எது என்பதாகவே இருந்தது. தமிழக அரசியலின் போக்கை மாற்றிய அந்த விவகாரம் ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் தொடங்கியது.

நூறு ஆண்டு கழித்து மெஸ்ஸில் நீண்ட மேசையில் யார் அருகே யார் உட்கார்ந்தாலும் எவரும் கேட்பதில்லை. இது சின்ன வெற்றியா? நம் தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை, அந்தக் கயிறுகளைத் தடைசெய்வது உட்படப் பல பரிந்துரைகளைச் செய்தது. அப்படிப்பட்ட சூழலிலிருந்து புறப்படும் பிள்ளை, தன் தெருவுக்குள் நுழைந்தே இராத ஒருவனோடு ஒரே அறையில் தூங்கி, ஒரே சோப்பை மாற்றி மாற்றி எடுத்து, காய்ச்சலில் அவன் வாங்கிவந்த கஞ்சியைக் குடிக்கும் நாள் எந்த வளாகத் தேர்விலும் கணக்கில் வராது. ஆனாலும் நான்கு ஆண்டுகளில் அவனுக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது அந்த நாளாக இருக்கலாம். ஊர்க்காரர்களாகவே, சாதிக்காரர்களாகவே பார்த்து அறை கேட்டு வாங்கித்தரும் பெற்றோர், பிள்ளைக்குப் பாதுகாப்பு செய்வதாக நினைத்து, அவர்கள் செலுத்திய கட்டணத்தின் மிக மதிப்புள்ள பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்யவல்ல ஓர் இடத்தை நாம் எப்படி அமைத்து வைத்திருக்கிறோம் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. பல கல்லூரி விடுதிகளில் மாலை 6 மணிக்கு வாயில் மூடும். வெளியே போக அவுட்பாஸ் வேண்டும். அதில் வார்டன் கையெழுத்திடுமுன் அப்பாவின் எண்ணுக்கு அழைப்பு போகும். படிப்பு நேரம் என்று இரண்டு மணி நேரம் அவரவர் மேசையில் உட்கார வேண்டும். மாணவிகளின் விடுதியில் இவை இன்னும் இறுகும். ஆண்களின் வாயில் 9 மணி வரை திறந்திருக்கும் வளாகத்திலேயே பெண்களின் வாயில் இருட்டுமுன் அடைபடும். நூலகமும் ஆய்வகமும் திறந்திருந்தாலும் அவர்களுக்கு அவை மூடியவையே. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதியில் ஆண்களுக்கு இல்லாத பாரபட்ச விதிகளைப் புகுத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலேயே சொல்லிவிட்டது. நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மாலை 6 முதல் 10 வரை செல்பேசி கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததற்காக விடுதியிலிருந்து நீக்கப்பட்ட மாணவி ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். இணையம் கல்வி உரிமையின் பகுதி, தனியுரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. வயது வந்த ஒருவர் தன் செல்பேசியை எப்போது எடுக்கலாம் என்பதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட செய்தி தமிழ்நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. பிள்ளையை அனுப்பிவிட்டுத் தூங்காமல் கிடக்கும் தாய்க்கு, வாயில் மூடியிருக்கிறது என்ற செய்தி ஆறுதல்தான். ஆனால் அந்தக் கொலை நடந்தது விடுதி வாயிலுக்கு உள்ளே. அதன்பின் பிள்ளைகளைக் காத்தவை சட்டமும், புகார் சொன்னால் கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கையும், தவறு செய்த மூத்தவர்களைத் தட்டிக்கேட்ட பிற மூத்தவர்களுமே. பூட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால், ஆபத்து நேரும்போது அதைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளைத்தான் வளர்ப்போம். விதியை மீறி 7 மணிக்கு வந்த குற்றத்தை மறைக்கப் பழகிய பெண், பேருந்தில் தனக்கு நேர்ந்த அவமானத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறாள்.

பொறியாளரின் வேலையை நினைத்தால் இந்த முரண் இன்னும் ஆழமாகத் தெரியும். தகவல் முழுதாகக் கையில் இல்லாதபோது, நேரம் குறைவாக இருக்கும்போது, பிறர் உயிரும் பணமும் சார்ந்திருக்கும் விஷயத்தில் ஒரு முடிவெடுத்து, அதன் கீழே தன் பெயரை எழுதுவதுதான் அந்தத் தொழில். இந்தத் தூண் தாங்கும், இந்தக் கம்பி சூடாகாது, இந்த நிரல் விழாது என்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவதாகச் சொல்லும் நாம், பிராஞ்சையும் கல்லூரியையும் வீட்டில் முடிவுசெய்கிறோம். சாப்பிடும் நேரம், படிக்கும் நேரம், வெளியே போகும் நேரம் எல்லாவற்றையும் வளாகத்தில் முடிவுசெய்கிறோம். நான்கு ஆண்டுகளில் ஒரு முடிவையும் தானாக எடுத்திராத இளைஞரை இருபத்தொரு வயதில் பெங்களூரிலோ ஓசூரிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு, இனி நீயே பார்த்துக்கொள் என்கிறோம். அப்போது அவர் தடுமாறினால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் துணிவு இல்லை என்று வருந்துகிறோம்.

பணம் இந்த மௌனத்தை இறுக்குகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கல்விக் கட்டணத்தைக் குழு ஒன்று வரையறுக்கிறது. 2017இல் நிர்ணயித்த உச்சவரம்பு தர அங்கீகாரம் பெறாத பிரிவுக்கு 50,000 ரூபாய், பெற்ற பிரிவுக்கு 55,000. விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் அத்தகைய வரம்பு இல்லாததால், பல இடங்களில் தங்கிச் சாப்பிடும் செலவு கல்விக் கட்டணத்தை விஞ்சிவிடுகிறது. வங்கியில் 4 லட்சம் வரை பிணையில்லாமல் கல்விக் கடன் வாங்கலாம் என்பது விதி. மேலாளரின் மேசைக்கு முன்னால் அப்பா எத்தனை முறை நின்றார் என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அரியர் விழுந்ததைச் சொல்வதில்லை, பாடம் புரியவில்லை என்று சொல்வதில்லை, இரவில் அழுதேன் என்று சொல்வதில்லை. தொலைபேசியில் அம்மா ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க, பிள்ளை ‘சாப்பிட்டேன்மா’ என்கிறது. ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால் இருவருமே உண்மையை மறைத்துக்கொள்கிறார்கள்.

மாற்றத்துக்கான அடையாளங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தபோது, அவர்களுடைய கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தங்க இடம் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரி இடம் மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதை அரசு ஆணை ஏற்றுக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் படிக்கும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது; வீட்டைக் கேட்காமல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க முடிகிறது. தொகை சிறிதாக இருக்கலாம். அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பவள் அவள் என்பது சிறிய விஷயமாகப் படவில்லை.

கல்லூரிகளும் குடும்பங்களும் செய்ய வேண்டியவை அரசு செய்ததைவிடக் கடினமானவை அல்ல. சேர்ப்பதற்கு முன் வளாகத்தைப் பார்க்கப் போகும் நாம் கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பலகையையும் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். மெஸ்ஸில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம், வார்டன் பக்கத்தில் இல்லாதபோது, உடம்புக்கு முடியாவிட்டால் இங்கே யாரிடம் போவாய் என்று கேட்கலாம். விடுதி விதிகளை எழுதும் மேசையில் அங்கே வாழ்பவர்களுக்கும் நாற்காலி உண்டா என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். நூறு பெற்றோர் கேட்டால் நாற்காலி போடுவார்கள். வீட்டிலும், எண்களை வரிசைப்படுத்தும் தாளை முதலில் பிள்ளையின் கையில் கொடுத்து, நீ எழுது, ஏன் என்றும் சொல், பிறகு நாங்கள் பேசுகிறோம் என்று சொல்லலாம். அந்த வரிசையில் தவறு இருக்கலாம். பதினேழு வயதில் செய்யும் தவறு நான்கு ஆண்டுகளில் திருத்திக்கொள்ளக் கூடியது. முடிவெடுக்கவே பழகாமல் போவது வாழ்நாள் முழுதும் நிற்கும் குறை.

பொறியியல் பட்டத்தின் மதிப்பு சந்தையோடு ஏறும், இறங்கும். இன்று முதலில் நிரம்பும் பிரிவு பத்து ஆண்டில் காலியாகலாம், மெக்கானிக்கல் மீண்டும் எழலாம். அதை நாம் கட்டுப்படுத்த முடியாது. முன்பின் தெரியாத மூவரோடு நேர்மையாகச் சேர்ந்து வாழ்வதும், தன் காரணத்தைத் தன் வாயால் சொல்வதும், எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்பதும் எந்தச் சந்தையிலும் விலை இறங்காதவை. அவற்றைக் கற்க நம் பிள்ளைகளுக்கு, அதிலும் நம் பெண்பிள்ளைகளுக்கு, அந்த நான்கு ஆண்டுகளையும் அந்த அறையையும் விட்டால் வேறு இடம் நாம் இன்னும் உண்டாக்கித் தரவில்லை. இருக்கிற அந்த ஓர் இடத்தையும் வீட்டின் நீட்சியாக மாற்றிவிடாமல் காப்பது, கட்டணம் கட்டுவதற்கு நிகரான கடமை.